நிறுத்த மறந்த பதிவு

இன்று காலை திருநின்றவூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உனக்கு வந்ததை நான் ஏன் படித்தேன் என்று கேட்காதே. நம் வகுப்புப் பக்கத்தை ஆரம்பித்த அன்று உன் முகவரியோடு என் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தது நீதான். உன் பெட்டியைத் திறக்க இப்போது ஆள் இல்லை. எனக்கு வரும் பிரதிதான் மிச்சம். 'உங்கள் இணையப் பக்கம் நீண்ட நாட்களாகப் பயன்பாட்டில் இல்லை. மாதக் கடைசியில் நீக்கிவிடுவோம். வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று இருந்தது. கடைசி வரியில் உன் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். ரயில் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்த ரயிலில்தான் போனேன். நான் தாமதமாகப் போகிறவளா என்ன, உனக்குத் தெரியாதா?

பள்ளிக்கூடத்தில் இன்னும் அந்தப் பலகைத் தடுப்பு அப்படியே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் 'அ' பிரிவு எனக்கு, 'ஆ' பிரிவு உனக்கு, நடுவில் அந்தத் தடுப்பு. நான் இந்தப் பக்கம் 'அமைதி' என்று சொன்னால் அந்தப் பக்கம் உன் பிள்ளைகள் சிரிப்பார்கள். உன் வகுப்புச் சத்தத்தில் என் வகுப்பு கெட்டுப்போகிறது என்று உன்னிடம் சண்டைக்கு வந்த நாளில்தான் நாம் சிநேகிதமானோம். 'எம் பசங்க சத்தம் போடலடி, உசுரோட கீறாங்க' என்றாய். டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் நீட்டினாய். உன்னிடம் தோற்றுப்போன எல்லாச் சண்டையும் இப்படித்தான் முடிந்தது.

வகுப்புப் பக்கம் என் யோசனை. அதை நீயே ஊரெல்லாம் சொல்வாய். பெற்றோருக்கென்று போனில் ஒரு குரூப் இருந்தது, ஆனால் அதில் வீட்டுப்பாடம் போட்டால் அரை மணி நேரத்தில் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் அடியில் புதைந்துபோகும். நம் பெற்றோர்களில் பாதிப்பேர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். அவர்கள் போனைத் திறக்கும் நேரத்தில் கேக்குதான் மேலே இருக்கும், கணக்கு இருக்காது. அதனால் இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தில் நம் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து உன் முகவரியில் ஒரு பக்கம் அமைத்தேன். இன்றைய வீட்டுப்பாடம், தேர்வு நாட்கள், பெற்றோர் கேள்விகள் என்று தனித்தனியாகப் பிரித்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், அழகாக. 'மதிப்பிற்குரிய பெற்றோர்களே' என்று ஆரம்பித்து 'தங்கள் ஒத்துழைப்பை நாடும்' என்று முடிப்பேன். பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒருவரும் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான். உன் பிரிவிலிருந்து கோமதி எழுந்தாள். மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, தினமும் பட்டாபிராமிலிருந்து ரயிலில் போய் வருகிறவள். 'ரயில்ல நின்னுகினு வர்றேன் டீச்சர். ஒரு கையில பையி, ஒரு கையில கம்பி. அதுல எங்க படிக்கிறது? ஊட்டுக்கு வந்தா அடுப்பு. நீங்க எயுதுறது நல்லாத்தான் கீது, கண்ணுதான் நிக்க மாட்டேங்குது' என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ கேட்டாய், 'காது சும்மாத்தான கீது கோமதி?'

மறுநாள் மதியம் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்தாய். உன் முதல் பதிவு. எனக்கு அது வரி வரியாக நினைவிருக்கிறது. 'சாப்ட்டீங்களா? சாப்டலைன்னா மொதல்ல போயி சாப்டுங்க, இது எங்கியும் ஓடிடாது. சரி, இன்னிக்கி கணக்குல பின்னம் ஆரம்பிச்சுகீறோம். ஊட்ல பசங்க தோசைய நாலா பிச்சு வெச்சா திட்டாதீங்க, அது பாடம்.' நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

'இது பள்ளிக்கூட அறிவிப்பா, பக்கத்து வீட்டு ஜன்னலா?' என்று கேட்டேன்.

'ரெண்டுந்தான்' என்றாய்.

அன்று சாயங்காலம் அதைக் கேட்டவர்கள், நான் மாதக்கணக்கில் எழுதியதைப் படித்தவர்களைவிட அதிகம். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை. அதன்பின் நமக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. நான் எழுதுவேன், அதை நீ பேசுவாய். நான் எழுதிக்கொடுத்ததை ஒருநாளும் நீ அப்படியே பேசியதில்லை. கோமதியும் மற்றவர்களும் ரயிலில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உன்னைக் கேட்டபடி வீடு திரும்பினார்கள். அதே பெட்டியில் நானும் சில நாள் போயிருக்கிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குள் சிரிக்கிற பெண் யாராவது தெரிந்தால், அது உன் வீட்டுப்பாடம் என்று எனக்குப் புரிந்துவிடும்.

தாளாளருக்குத்தான் பிடிக்கவில்லை. நம்மை அறைக்குக் கூப்பிட்டார். 'இன்னான்னும் கீதுன்னும் ஒரு டீச்சர் பேசலாமா மேடம்? ஸ்கூல் பேரு என்னாகும்?' என்றார். நான் உன் காலை மிதித்தேன், வாயை மூடு என்று. நீ காலை இழுத்துக்கொண்டு, 'சார், என்னாண்ட இன்னொரு தமிழும் கீது. அதுல பேசுனா பரிச்சை ரிசல்ட் சொல்ற மாதிரி பயந்துக்கிறாங்க' என்றாய். அவர் சிரிப்பை அடக்க மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அந்தத் தடவை தப்பித்தோம்.

தப்பிக்க முடியாத தடவைக்கு வருகிறேன்.

ஒருநாள் பள்ளியில் நேரமில்லாமல் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்தாய். வீட்டுப்பாடம் சொல்லி, மறுநாள் வண்ணக் காகிதம் கொண்டுவரச் சொல்லி, 'சரி வெச்சுடட்டுமா' என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமலே போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டாய். சமைத்து முடித்துச் சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் போன் நினைவு வந்தது. நிறுத்தினாய், வழக்கம்போலக் கேட்டுப் பார்க்காமல் ஏற்றியும் விட்டாய். பின்னம் கற்றுக்கொடுக்கிறவள், பதிவின் நீளத்தை ஒரு பார்வை பார்த்திருக்கக் கூடாதா?

அன்று ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் அத்தனை பேரும் உன் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். குழாய் ஓடியது. குக்கர் கத்தியது. ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உன் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். 'யோவ், செருப்ப அங்கியே வுடு. மீன் வாங்கினு வர சொன்னா இன்னாத்த வாங்கினு வந்துகீற? இத்த மோந்து பாத்தியா? இது நேத்து மீனு. உன் தலையில கட்டி வுட்டுகீறான், நீயும் இளிச்சுகினு வாங்கினு வந்துட்ட.' அவர் ஏதோ முணுமுணுத்தார், குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை. அப்புறம் என் விஷயம் வந்தது. 'அவ ஒரு சிடுமூஞ்சி. மதிப்பிற்குரியன்னு எயுதி குடுக்கிறா, நான் படிக்கிறதே இல்ல.' அப்புறம் வெகுநேரம் கரண்டிச் சத்தம், உன் முனகல் பாட்டு. கடைசியில், கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுகிற குரலில், 'யோவ், வா. சோறு ஆறுது. எத்தினி வாட்டி கூப்புட்றது?'

மறுநாள் காலை கேட்டில் ஒரு கூட்டமே காத்திருந்தது. 'டீச்சர், மீன இன்னா பண்ணீங்க, கொயம்பா வறுவலா?' என்று ஒரு தாத்தா கேட்டார். கோமதி உன் கையைப் பிடித்துக்கொண்டு, 'எம் புருசனும் நேத்து மீனுதான் டீச்சர் வாங்கினு வருவாரு. ரெண்டு பேரும் உக்காந்து கேட்டோம். திட்டு வாங்குறது நாம மட்டும் இல்லன்னு அவுருக்கு ஒரே சந்தோசம்' என்றாள். நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வகுப்புக்கு ஓடினாய். நான் சிடுமூஞ்சியோடு பின்னால் வந்தேன்.

தாளாளர் இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. உடனே எடுக்கச் சொன்னார், நீ எடுத்தாய். ஆனால் அது செய்த வேலையை எடுக்க முடியவில்லை. அதுவரை காலியாகக் கிடந்த 'பெற்றோர் கேள்விகள்' பகுதியில் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. பெயர் போடாமல் ஒரு அப்பா எழுதியிருந்தார்: 'டீச்சர், பின்னம்னா இன்னா? பையன் கேட்டா சொல்ல தெரீல. அவனாண்ட சொல்லிடாதீங்க.' கேட்டது யார் என்று சொல்லாமல், நீ மறுநாள் பதிவில் பெரியவர்களுக்காக ஒரு பூசணிக்காயை வெட்டிப் பின்னம் நடத்தினாய். வீட்டில் சாப்பிடாமல் கிடக்கிற பிள்ளையைப் பற்றி ஒரு அம்மா எழுதினாள். கண் சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னொருத்தி. உன் அடுப்படியைக் கேட்டவர்கள் தங்கள் அடுப்படியைத் திறந்து காட்டினார்கள். நான் அமைத்த பக்கம் அன்றைக்குத்தான் உண்மையில் திறந்தது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் தலைக்கனம் பிடித்து ஆடுவாய் என்று விட்டுவிட்டேன்.

உனக்கு உடம்புக்கு வந்தபோது லீவு எழுதிக்கொடுத்தாய். பதிவுக்கு லீவு எழுதவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் கொண்டுவந்த வீட்டுப்பாடத்தைப் பேசுவாய். நான் போனைப் பிடித்துக்கொள்வேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு இயந்திரம் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருக்கும். 'இன்னா சத்தம்னு யாராச்சும் கேட்டா, பக்கத்தூட்ல வேலை நடக்குதுன்னு சொல்லிடு' என்றாய். சொன்னேன். நம்பினார்களா தெரியாது. கோமதி மட்டும் என்னிடம், 'அந்த ஊட்டு வேலை எப்ப டீச்சர் முடியும்?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

கடைசிப் பதிவிலும் அப்படியேதான் ஆரம்பித்தாய். 'சாப்ட்டீங்களா?' குரல் காற்று மாதிரி வந்தது. அன்று சாயங்காலம் பக்கத்தில் வரிசையாகப் பதில்கள். 'சாப்ட்டோம் டீச்சர். நீங்க சாப்ட்டீங்களா?' நான் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அப்போது உனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பதில் என்ன போடட்டும் என்று கேட்டேன். 'ஒண்ணும் போடாத. அவங்களாண்ட பொய் சொல்ல வரல' என்றாய். உனக்குப் பொய் சொல்லவே வராது என்பதில்லை, தாளாளரிடம் எத்தனை சொல்லியிருக்கிறாய். அவர்களிடம்தான் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் பதிலில்லாமல் அங்கேயே இருக்கிறது.

மழை விடாமல் பெய்த வாரத்தில் போனாய். உன் தெருவில் முட்டிக்குக் கீழே தண்ணீர். கோமதி கம்பெனிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். இரண்டு பிரிவுப் பெற்றோரும் வந்திருந்தார்கள், அதில் பலரை நீ நேரில் பார்த்ததே இல்லை. காரியம் முடிந்து, பதிவுகளையெல்லாம் போனில் ஏற்றித் தரட்டுமா என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டேன். 'வேணாம்மா. அவ கொரலு கேட்டா என்னால வண்டி ஓட்ட முடியாது' என்றார். நான் வற்புறுத்தவில்லை.

அந்த வருடமே பள்ளி காசு கொடுத்து ஒரு செயலி வாங்கியது. இப்போது 'அன்புள்ள பெற்றோரே' என்று அதுவே எழுதி அதுவே அனுப்பிவிடுகிறது. நான் பெயரைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் போதும். நம் பக்கத்தைப் பூட்டவும் மனமில்லை, திறக்கவும் மனமில்லை. அப்படியே கிடந்தது, இன்று காலை வரை.

சாயங்காலம் பள்ளி விட்டதும் ஸ்டேஷன் எதிரே ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். ஆவடிக்கு இன்னும் ஆள் சேரவில்லை. பக்கத்தை நீக்கப்போகிறார்கள் அண்ணே, அதற்குமேல் எதுவும் கிடைக்காது, ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

'எல்லாம் வேணாம்மா' என்றார். 'அந்த மீனு சமாச்சாரம் கீதா?'

'அதையா? அதை எடுக்கச் சொல்லிட்டாங்களே அண்ணே.'

'மத்ததெல்லாம் அவ ஊருக்கு பேசுனது. அது ஒண்ணுதான் எனக்கு பேசுனது.'

இத்தனை பதிவுகளை அந்தப் பக்கத்தில் விட்டு வைத்திருந்தேன், அத்தனையும் வீட்டுப்பாடம். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டி தன்னைத் திட்டுவதைக் கேட்க ஆசைப்படுகிறான், அதைத்தான் பள்ளிக்கூடப் பெயர் கெடும் என்று எடுத்திருக்கிறோம். பின்சீட்டில் உட்கார்ந்து போனில் நம் பக்கத்துக்குள் நுழைந்தேன். பார்வையாளர் பகுதியில் அது இல்லை. உள்ளே, நாம் ஏற்றிய கோப்புகள் கிடக்கும் இடத்துக்குப் போய்த் தேடினேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. ஆவடிக்குப் போக வந்த ஒருவரை அவர் 'வேற வண்டி பாருங்க' என்று அனுப்பினார். அவர் சவாரியைத் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். இருந்தது. முகப்பிலிருந்து மட்டும் மறைத்திருக்கிறாய், அழிக்கவில்லை. வேண்டுமென்றே விட்டாயா, எப்போதும் போலப் பாதி வேலையோடு விட்டாயா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும்.

போட்டேன். முதலில் வீட்டுப்பாடம் வந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, முன்பெஞ்சுப் பிள்ளை மாதிரி, பக்கம் எண் முதற்கொண்டு கேட்டார். வண்ணக் காகிதம் என்றபோது தலையாட்டினார். அடுப்பு மேடையில் நீ போனை வைக்கும் சத்தம். குழாய். குக்கர். 'யோவ், செருப்ப அங்கியே வுடு' என்றதும் அவருடைய கால்கள் தாமாகவே பின்னுக்கு நகர்ந்தன. நான் வெளியே பார்த்துக்கொண்டேன். என்னைச் சிடுமூஞ்சி என்றாய், நான் அழுதுகொண்டே சிரித்தேன். கரண்டிச் சத்தம் முழுவதையும் அவர் கேட்டார், முன்னால் ஓட்டச் சொல்லவில்லை. அப்புறம் நீ கூப்பிட்டாய்.

'யோவ், வா. சோறு ஆறுது. எத்தினி வாட்டி கூப்புட்றது?'

'தோ வரேன்' என்றார் அவர்.

பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே ரயில் வந்து நின்று, ஆட்கள் இறங்கி, கலைந்து போனார்கள். பதிவை அவர் போனுக்கு அனுப்பிவிட்டு நான் இறங்கினேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டார்.

'டீச்சரம்மா. அது நேத்து மீனு இல்லம்மா. அன்னிக்கி காலைல வந்துதுதான். அவதான் நம்பல.'

உன்னிடம் சொல்லிவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

வீட்டுக்கு வந்து மற்றப் பதிவுகளையும் இறக்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சத்தம் உள்ளவை, மாடிப்படியில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் உள்ளவை, எல்லாம். பக்கம் போகட்டும். அப்புறம், இத்தனை நாளாக நான் தொடாத ஒன்றைத் தொட்டேன். அந்தச் செயலியில் ஒரு மூலையில் குரல் பதிவுக்கும் பொத்தான் இருக்கிறது. நாளைய வீட்டுப்பாடத்தை எழுதி வைத்துக்கொண்டு அதை அழுத்தினேன். 'மதிப்பிற்குரிய' என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டேன். உன் மாதிரி வரவில்லை, ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டது மாதிரிதான் இருந்தது. இந்த வருடத்துப் பெற்றோருக்கு உன்னைத் தெரியாது, அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. பக்கம் எண் சொன்னேன், கணக்கு சொன்னேன், 'சரி, வெச்சுடட்டுமா' என்றேன்.

ஆனால் உடனே நிறுத்தவில்லை. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அரிசி களைந்தேன். உள்ளே என் வீட்டுக்காரர் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து கதவு அடித்துக்கொண்டது. 'வாங்க, தட்டு வெச்சாச்சு' என்று நான் கூப்பிட்டது அதில் விழுந்ததா தெரியாது, கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். விழுந்திருக்கட்டும் என்று இருக்கிறது.